கிட்ட நின்னா மட்டும் போதுமா, அம்பயர்?

"அண்ணா, நான் அவுட்டா இல்லையான்னு கேக்கல. நீங்க எங்க நின்னு பாத்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி இது. என்னிடம் பதில் இல்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் மண்டைக்குள் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

தவளக்குப்பம் பக்கம் ஒரு மைதானம். கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் சாஃப்ட்பால் போட்டி. சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டாச்சு. பேஸ் கிடைக்கவில்லை என்று சிமென்ட் சாக்கில் மணலை நிரப்பி, தட்டித் தட்டிச் சதுரமாக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் ரெடி. அம்பயர் மட்டும் ஒரு ஆள் குறைவு. "உனக்குத்தான் ரூல்ஸ் தெரியுமேடா, போய் நில்லு" என்று முதுகில் ஒரு தட்டு. அப்போது நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். தொப்பியை மாட்டிக்கொண்டு கெத்தாகப் போய் நின்றேன்.

கடைசி இன்னிங்ஸ். அந்தப் பொண்ணோட டீம் ஒரு ரன் பின்னால். ரெண்டு பேர் அவுட். பேஸில் யாரும் இல்லை. அவள் அடித்த பந்து தரையோடு உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் போனது. அவர் எடுத்து முதல் பேஸுக்கு வீசினார். இவள் புயல் மாதிரி ஓடி வருகிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'கிட்டப் போய்ப் பார்த்தாத்தானே கரெக்டா தெரியும்' என்று நானும் பேஸை நோக்கி ஓடினேன்! பந்து வந்து சேர்ந்தபோது பேஸுக்கு ரெண்டு மூணு அடி பின்னால், ஃபௌல் லைன் மேலேயே, இன்னமும் ஓடிக்கொண்டிருந்தேன். கால் பதிந்தது தெரிந்தது. பந்து எப்போது கிளவுஸுக்குள் போனது என்பது தெரியவில்லை. ஃபீல்டரின் தோள் மறைத்துவிட்டது.

ஆனாலும் கையைத் தூக்கினேன். "அவுட்!"

மேட்ச் முடிந்தது. அவளுக்கு அது கடைசி வருஷம். அந்தப் போட்டியில் நன்றாக ஆடினால் யூனிவர்சிட்டி டீமுக்குப் பார்ப்பார்கள் என்று பேச்சு இருந்தது. யூனிவர்சிட்டி சர்டிஃபிகேட் கையில் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மேல்படிப்புக்கோ வேலைக்கோ ஒரு கதவு திறக்கும். நம் ஊர்ப் பசங்களுக்கு விளையாட்டு என்பது வெறும் கோப்பை இல்லையே, பாஸ்! அந்தக் கதவை நான் சாத்திவிட்டேனோ என்பதுதான் என் கவலை.

அரை நொடி ஆட்டம்

சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்கு ஒரு குட்டி அறிமுகம். பிறந்தது 1887-ல், அமெரிக்காவின் சிகாகோவில். ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களின் ஃபுட்பால் மேட்ச் ரிசல்ட்டுக்காக ஒரு படகு கிளப்பில் பழைய மாணவர்கள் காத்திருந்தார்கள். பொழுதுபோகாமல் ஒரு பாக்ஸிங் கிளவுஸை இழுத்துக் கட்டிப் பந்தாக்கி, குச்சியால் அடித்து விளையாடினார்கள். ஜார்ஜ் ஹேன்காக் என்பவர் அதற்கு விதிகள் வகுத்தார். வேலை இல்லாத மாணவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு என்றும் சொல்லலாம்!

நான்கு பேஸ். ஒரு பேஸிலிருந்து இன்னொன்றுக்கு 60 அடி, அதாவது 18.29 மீட்டர். மொத்தம் 7 இன்னிங்ஸ். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் 43 அடி தூரத்திலிருந்து, கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்து வீசுவார். 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிற பந்து, அரை விநாடிக்குள் பேட்டரிடம் வந்துவிடும். 'சாஃப்ட்' என்று பெயர்தான் இருக்கிறதே தவிர, மேலே பட்டால் தெரியும் சேதி!

பந்து தரையோடு உருண்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். நன்றாக ஓடுகிறவருக்கு மூன்று விநாடிதான். அதற்குள் ஃபீல்டர் பந்தை எடுத்து, முதல் பேஸுக்கு எறிந்து, அங்கே பேஸில் கால் வைத்திருப்பவர் பிடித்துவிட்டால் அவுட். கால் முதலில் பட்டால் சேஃப். கால் முதலா, பந்து முதலா என்பதை அம்பயர்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வித்தியாசம் ஒரு ஜான், ரெண்டு ஜான்.

ஸ்லோ மோஷன் கிடையாது. பெரிய திரை கிடையாது. ரெண்டு கண்ணும் நிற்கிற இடமும்தான்.

ரெண்டு பஸ் சொன்ன பாடம்

மேட்ச் முடிந்த அன்று சாயங்காலம் பி.டி. சாரோடு தவளக்குப்பம் ஜங்ஷனில் டீ குடிக்க நின்றேன். ரெண்டு செல்போன் வீடியோ அதற்குள் வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்திருந்தது. ஒன்று ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. அதைப் பார்த்தால் அவுட் மாதிரி இருந்தது. இன்னொன்று முதல் பேஸுக்குப் பக்கவாட்டிலிருந்து எடுத்தது. அதில் பந்து வரும் முன்பே அவள் கால் பேஸ் மேல் இருந்தது. ஒரே ஓட்டம், ஒரே பந்து, ரெண்டு தீர்ப்பு!

"எப்படி சார் இது?" என்றேன்.

சார் பதில் சொல்லவில்லை. டம்ளரோடு ரோட்டோரம் கூட்டிக்கொண்டு போனார். புதுச்சேரி பக்கமிருந்து கடலூர் நோக்கி ரெண்டு பஸ் போட்டி போட்டுக்கொண்டு வந்தது. அந்த ரோட்டில் போகிறவர்களுக்கு இது தினசரி சினிமா.

"எது முன்னாடி வருது சொல்லு."

எதிரே பார்த்தபடி நின்றேன். ரெண்டும் ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. "ரெண்டும் சமமா வருது சார்."

பக்கத்தில் வந்து எங்களைக் கடந்தபோதுதான் தெரிந்தது, ரெண்டுக்கும் நடுவே முழுசாக ஒரு பஸ் நீளம் இடைவெளி!

"எதிர்ல நின்னு பாத்தா எவன் முன்னாடின்னு தெரியாது. சைடுல நின்னு பாத்தா தெரியும். நீ இன்னைக்கு எதிர்ல நின்ன. அதுவும் ஓடிக்கிட்டே நின்ன. அவ்ளோதான் விஷயம்" என்றார் சார். டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன். ட்யூஷன் ஃபீஸ்!

தூரமா, கோணமா?

ப்ளஸ் டூ கணக்கில் 'சைன் தீட்டா' படித்தோமே, எதற்கு உதவப்போகிறது என்று கேட்டோமே, இதோ இங்கேதான்!

ரன்னரின் காலுக்கும் பேஸுக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓடுகிற பாதைக்குச் செங்குத்தாக, அதாவது 90 டிகிரியில் நின்று பார்த்தால் அந்த 30 சென்டிமீட்டரும் முழுசாகத் தெரியும். 45 டிகிரியில் நின்றால் தெரிவது 21 சென்டிமீட்டர். 30 டிகிரி என்றால் பாதி, 15 சென்டிமீட்டர். 10 டிகிரிக்கு வந்துவிட்டால் வெறும் 5 சென்டிமீட்டர். நேர்கோட்டிலேயே நின்றால் இடைவெளியே காணாமல் போகும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 5 மீட்டர் தூரத்தில் 30 டிகிரியில் நிற்கிறவருக்கும், 10 மீட்டர் தூரத்தில் 90 டிகிரியில் நிற்கிறவருக்கும் அந்த இடைவெளி கண்ணில் ஒரே அளவாகத்தான் தெரியும். அதாவது, சரியான கோணத்தில் நின்றால் ரெண்டு மடங்கு தள்ளி நின்றாலும் நஷ்டம் இல்லை. கிட்டப் போவதைவிடப் பக்கவாட்டில் போவதுதான் லாபம்!

அது மட்டுமில்லை. ரொம்பக் கிட்டப் போனால் வேறொரு சிக்கல். அம்பயர் ஒரே பார்வைக்குள் நான்கு விஷயங்களை வைத்திருக்க வேண்டும் என்பது சாஃப்ட்பால் அம்பயரிங்கின் அரிச்சுவடி. பந்து, ஃபீல்டர், ரன்னர், பேஸ். மூன்று அடி தூரத்தில் நின்றால் நான்கும் ஒரு பார்வைக்குள் அடங்காது. பேஸைப் பார்த்தால் கிளவுஸ் தெரியாது. கிளவுஸைப் பார்த்தால் பேஸ் தெரியாது. தலையை மேலும் கீழும் ஆட்டுவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். தியேட்டரில் முதல் வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்த கதைதான்.

அப்போ எங்கேதான் நிற்பது?

பேஸில் ஆள் இல்லாதபோது, பேஸ் அம்பயர் முதல் பேஸுக்குப் பின்னால் 18 முதல் 21 அடி தள்ளி, ஃபௌல் லைனுக்கு வெளியே நின்று ஆரம்பிக்க வேண்டும். பந்து தரையோடு உருண்டு ஷார்ட்ஸ்டாப், மூன்றாவது பேஸ் பக்கம் போனால், அம்பயர் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்க வேண்டும். பேஸுக்கு 15 முதல் 18 அடி தூரம். பந்து எறியப்படுகிற பாதைக்கு 90 டிகிரி. ஆனால் ஃபௌல் லைனிலிருந்து 45 டிகிரிக்கு மேல் போய்விடக் கூடாது.

ஏன் அந்த 45? முதல் பேஸில் அம்பயருக்கு ரெண்டு வேலை. பந்து கிளவுஸில் விழுவதையும் பார்க்க வேண்டும், ரன்னரின் காலையும் பார்க்க வேண்டும். பந்து ஒரு திசையிலிருந்து வருகிறது, ரன்னர் வேறு திசையிலிருந்து வருகிறார். ரெண்டுக்கும் ஒரே நேரத்தில் செங்குத்தாக நிற்க யாராலும் முடியாது. மூன்றாவது பேஸிலிருந்து பந்து வந்தால் 45 டிகிரி என்பது அழகான சமரசம். பந்தின் பாதைக்குச் சரியாக 90 டிகிரி அமைந்துவிடும். காலுக்கும் பேஸுக்கும் உள்ள இடைவெளியில் 70 சதவீதம் தெரியும். ஃபீல்டரின் தோளும் மறைக்காது.

பந்து இரண்டாவது பேஸ் பக்கமிருந்து வந்தால் இவ்வளவு உள்ளே போக வேண்டியதில்லை. போனால் எறிகிற பந்துக்குக் குறுக்கே நீங்களே நிற்பீர்கள்! கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்து கோணத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மனப்பாடம் செய்த இடத்தில் போய் நிற்பது இல்லை இந்த வேலை. பந்து எங்கே போகிறதோ, அது உங்களை நிற்க வேண்டிய இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

பந்தால் ரன்னரைத் தொட்டு அவுட் ஆக்குகிற 'டேக்' ஆட்டம் என்றால் கதை வேறு. அங்கே கிளவுஸ் தொட்டதா, தொடவில்லையா என்பதுதான் கேள்வி. அதற்குக் கொஞ்சம் கிட்டப் போகலாம். 10 முதல் 12 அடி. ஆனால் ஃபீல்டரின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் 2 அடியில் நின்றாலும் பிரயோஜனம் இல்லை. ரெண்டு உடம்புக்கும் நடுவே இருக்கிற சந்து தெரிகிற இடத்துக்கு நகர வேண்டும். ஒரே ஒரு எட்டு இடது பக்கமோ வலது பக்கமோ வைத்தால் போதும், மொத்தக் காட்சியும் திறந்துகொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. ஆட்டம் நடக்கிற அந்த நொடியில் நீங்கள் நின்றிருக்க வேண்டும். ஓடிக்கொண்டே செல்ஃபி எடுத்துப் பாருங்கள், எப்படி வருகிறது என்று! கண்ணும் அதே மாதிரிதான். நாலு அடி குறைவாக ஓடினாலும் பரவாயில்லை, நின்று பார்க்கிற அம்பயருக்குத்தான் தெளிவாகத் தெரியும்.

காதும் ஒரு அம்பயர்

முதல் பேஸில் அனுபவசாலி அம்பயர்கள் செய்கிற ஒரு வேலை சுவாரசியமானது. ஃபீல்டர் எறிகிற பந்து நேராக வருகிறதா என்று பார்ப்பார்கள். நேராக வருகிறது என்று தெரிந்ததும் கண்ணைப் பேஸுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். கண் காலைப் பார்க்கும். பந்து கிளவுஸில் விழுகிற 'டப்' சத்தத்தைக் காது கேட்கும். எது முந்தியதோ அதுதான் தீர்ப்பு.

இங்கேயும் நிற்கிற இடம் முக்கியம். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 5 மீட்டர் தள்ளி நிற்கிற அம்பயருக்கு அந்த 'டப்' 0.015 விநாடி தாமதமாகக் கேட்கும். விநாடிக்கு 6 மீட்டர் ஓடுகிற ரன்னர் அதற்குள் 9 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருப்பார். ஆனால் 34 மீட்டர் தள்ளி மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நம் ஃப்ரெண்ட்ஸுக்கு? 0.1 விநாடி தாமதம். அதற்குள் ரன்னர் 60 சென்டிமீட்டர் ஓடிவிடுவார்! சத்தத்தை நம்பிச் சொன்னால் அவர்களுக்கு அவுட்டான ஆள்கூட சேஃபாகத்தான் தெரிவார்.

அடுத்த முறை வெளியே உட்கார்ந்துகொண்டு "யோவ் அம்பயர், கண்ணு தெரியலையா?" என்று கத்துவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

பிளேட்டுக்குப் பின்னால்

ஹோம் பிளேட் அம்பயரின் வேலை இன்னும் கஷ்டம். 17 அங்குல அகலப் பிளேட். அதற்கு மேலே, ஏறக்குறைய பேட்டரின் அக்குளுக்கும் முழங்காலுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. பந்து அதற்குள் போனால் ஸ்ட்ரைக், இல்லையென்றால் பால். இது ஒரு இன்னிங்ஸில் பத்து இருபது தடவை வரும்.

பலரும் கேட்சரின் தலைக்கு நேர் பின்னால் நிற்பார்கள். தப்பு! பந்து பிளேட்டைக் கடக்கிற இடத்தைக் கேட்சரின் ஹெல்மெட்டே மறைத்துவிடும். கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அதை 'ஸ்லாட்' என்பார்கள். தலை அங்கே இருக்க வேண்டும். முகவாய் கேட்சரின் ஹெல்மெட் உச்சிக்குச் சமமான உயரத்தில். அங்கிருந்து பிளேட் முழுக்கத் தெரியும். தலையை ஆட்டக் கூடாது. பந்தோடு கண் மட்டும் வர வேண்டும். தலை ஆடினால் அந்தப் பெட்டியும் சேர்ந்து ஆடும்.

ஒரு எச்சரிக்கை. முகக் கவசம், மார்புக் கவசம், கால் கவசம் இல்லாமல் கேட்சருக்குப் பின்னால் நிற்கவே கூடாது. நம் பக்கத்து மைதானங்களில் கவசம் இல்லாவிட்டால் பிட்சருக்குப் பின்னால் நின்று ஸ்ட்ரைக், பால் சொல்லும் பழக்கம் உண்டு. கோணம் கொஞ்சம் போனாலும் பல்லாவது மிஞ்சும்!

அம்பயர் ரெண்டு பேர் என்றால் நான்கு கண். பேஸில் ஆள் இல்லாதபோது பேட்டர் ஓடினால், பிளேட் அம்பயரும் அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வர வேண்டும். ஃபீல்டரின் கால் பேஸை விட்டு நகர்ந்ததா என்பது பேஸ் அம்பயருக்கு மறைந்திருக்கலாம், பிளேட் அம்பயருக்குத் தெரிந்திருக்கலாம். "நீங்க பாத்தீங்களா?" என்று பார்ட்னரிடம் கேட்பது அவமானம் இல்லை. அன்று நான் கேட்டிருக்கலாம். ஈகோ தடுத்துவிட்டது.

கேமராவுக்கும் கோணம் உண்டு

'இவ்வளவு கஷ்டம் எதுக்கு, வீடியோ வெச்சுப் பாத்துட்டா போச்சு' என்கிறீர்களா? கிரிக்கெட்டில் மூன்றாவது அம்பயர் முறை வந்தது 1992 நவம்பரில், டர்பனில் நடந்த இந்தியா-தென்னாப்பிரிக்கா டெஸ்டில். டி.வி. ரீப்ளே பார்த்து ரன் அவுட் கொடுக்கப்பட்ட முதல் ஆள் யார் தெரியுமா? நம்ம சச்சின்!

அந்த ரன் அவுட் கேமரா எங்கே இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கிரீஸ் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில். 90 டிகிரி! எத்தனை விலை உயர்ந்த கேமரா என்றாலும் பவுண்டரிக்கு வெளியே எங்கோ ஒரு மூலையில் வைத்தால் ரன் அவுட் சொல்ல முடியாது. பௌலர் பக்கம் நிற்கிற அம்பயரும் பேட்ஸ்மேன்கள் ஓட ஆரம்பித்தவுடன் விறுவிறுவென்று பக்கவாட்டுக்கு ஓடுவது அதற்குத்தான். நம் வில்லியனூர் பக்கம் துத்திப்பட்டு கிரிக்கெட் மைதானத்தில் ரஞ்சி மேட்ச் நடந்தால் போய்ப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு ஒரு ஓவர் முழுக்க அம்பயரின் காலை மட்டும் பாருங்கள். அது ஒரு தனி ஆட்டம்!

சரியாக நின்றும் தப்பினால்?

கோணம் சரியாக இருந்தால் தப்பே வராதா? வரும். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

2010 ஜூன் 2. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். சாஃப்ட்பாலின் அண்ணன் பேஸ்பால். டைகர்ஸ் அணியின் பிட்சர் அர்மாண்டோ கலராகா, கிளீவ்லேண்டின் 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கிவிட்டார். ஒருவர்கூடப் பேஸைத் தொடவில்லை. இன்னும் ஒரே ஒரு ஆள். அவரும் அவுட் என்றால் 'பெர்ஃபெக்ட் கேம்'. நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரத்தில் விரல்விட்டு எண்ணுகிற சிலர்தான் அதைச் செய்திருந்தார்கள்.

27-வது ஆள் அடித்த பந்து தரையோடு போனது. முதல் பேஸுக்கு ஓடி வந்த கலராகாவிடமே பந்து எறியப்பட்டது. பிடித்தார். கால் பேஸ் மேல். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் ரெண்டு கையையும் விரித்தார். "சேஃப்!"

ரீப்ளேயில் தெளிவாகத் தெரிந்தது, அது அவுட். ஜாய்ஸ் கத்துக்குட்டி இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். அதே மாதம் வீரர்களிடம் இ.எஸ்.பி.என். எடுத்த கருத்துக்கணிப்பில் சிறந்த அம்பயர் என்று பெயர் வாங்கியவர். ரீப்ளேயைப் பார்த்ததும் 'தப்பு என்னுடையதுதான்' என்று பத்திரிகைகளிடமே ஒப்புக்கொண்டார். கலராகாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். கலராகாவோ அந்தத் தீர்ப்பு வந்த நொடியிலேயே சிரித்துவிட்டு அடுத்த பந்தைப் போடப் போனவர்! மறுநாள் மேட்ச் ஆரம்பிக்கும் முன், டீம் பட்டியலை அம்பயரிடம் கொடுக்கக் கலராகாவே வந்தார். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கினார்.

பேஸ்பாலில் 2014-ல் ரீப்ளே முறை பெரிய அளவில் விரிவாக்கப்பட்டபோது, எல்லோருக்கும் ஞாபகம் வந்தது இந்த மேட்ச்தான்.

தப்பு யாருக்கும் வரும். ஆனால் பார்க்க வேண்டிய இடத்தில் நின்று தப்பினால் அது மனிதத் தவறு. பார்க்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு பார்த்த மாதிரி கையைத் தூக்கினால் அதற்கு வேறு பெயர். நான் செய்தது ரெண்டாவது.

நீங்களும் தொப்பி மாட்டலாம்

விளையாட்டில் ஜொலிக்க ஆடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சென்னைக்காரர் எஸ்.வெங்கட்ராகவன் ஆஃப் ஸ்பின்னராக 57 டெஸ்ட் ஆடினார். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்தியாவுக்குக் கேப்டன். அதன் பிறகு அம்பயராக 73 டெஸ்டில் நின்றார். ஆடியதைவிட நின்றது அதிகம்! சென்னையின் ஜனனி நாராயணன் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு அம்பயரிங்குக்கு வந்தவர். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் களம் இறங்கிய முதல் பெண் அம்பயர்கள் மூவரில் அவரும் ஒருவர்.

சாஃப்ட்பாலிலும் ஆள் தேவை இருக்கிறது. 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்து, பிறகு காணாமல் போன ஆட்டம் இது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் திரும்பி வந்தது. அங்கே அமெரிக்காவை 2-0 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது ஜப்பான். 2024 பாரிஸில் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி இருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் காலேஜ் கிரவுண்டிலேயே ஆரம்பிக்கலாம். நாலு ஃப்ரெண்ட்ஸைப் பேஸுக்கு ஓடவிட்டு, ஒரே ஆட்டத்தை மூன்று இடத்தில் நின்று பாருங்கள். நேர்கோட்டில் ஒருமுறை, 45 டிகிரியில் ஒருமுறை, ரொம்பக் கிட்ட ஒருமுறை. தீர்ப்பைச் சொல்வதற்கு முன் மனசுக்குள் 'ஒண்ணு' என்று எண்ணுங்கள். ஃபீல்டர் பந்தைக் கீழே போட்டாரா என்று பார்க்க அந்த ஒரு நொடி போதும். பிறகு அவுட் என்றால் வலது கை முஷ்டி. சேஃப் என்றால் உள்ளங்கை கீழே பார்க்க ரெண்டு கையும் விரிய வேண்டும். ஒரு வாரத்தில் உங்கள் கால் தானாக இடம் தேடும்.

அந்தப் பொண்ணு?

மூன்று வாரம் கழித்து வேறொரு மேட்சில் பார்த்தேன். ஆட வரவில்லை, ஜூனியர்களுக்குத் தண்ணி கேன் தூக்கி வந்திருந்தாள். யூனிவர்சிட்டி டீமுக்கு அவளை எடுக்கவில்லை. அந்த ஒரு அவுட்டினாலா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியமும் இல்லை.

கிட்டப் போய், "அன்னைக்கு நான் பார்க்கவே இல்லம்மா. பாக்காமலே கையைத் தூக்கிட்டேன். ஸாரி" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சரிண்ணா. இன்னைக்கும் நீங்கதானே அம்பயர்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க."